நீ அழித்த மூன்று வாரம்

இன்று காலை நம் இன்டர்நெட் கடையில், மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். விசிறி அதே கரகரப்போடுதான் ஓடுகிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் அரசுத் தளம் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. வாசல் வரை வரிசை. எது தடுக்கிறது என்று பார்க்க அமைப்புக் கோப்பைத் திறந்தால் அங்கே நீ: "# இந்த வரிய மூடாம எந்திரிக்காத சாமி." முன்னால் # இருந்தால் அந்த வரியை மிஷின் படிக்காது, அது மனிதருக்கு மட்டும். நீ கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் என்னை அதட்டிக்கொண்டுதான் இருக்கிறாய்.

எடப்பாடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் நாம் இருவரும் நாலு கம்ப்யூட்டரோடு கடை போட்டபோது, இந்த ஐந்தாவது பெட்டி எதற்கு என்று நான் சண்டை பிடித்தேன். "நாலு மிஷினுக்கும் இதுதான் வாசப்படி. போறது வாரது எல்லாம் இதுக்குள்ள பூந்துதான் போகோணும்" என்றாய். ப்ராக்ஸி என்று அதற்குப் பெயர். விளம்பரங்களையும், யார் எதைப் பார்க்கிறார் என்று வேவு பார்க்கும் நிரல்களையும் வாசலிலேயே நிறுத்திவிடும். அளவாக அமைப்பதுதான் பெரும்பாடு. விதியை இறுக்கினால் வங்கித் தளம் திறக்காது. தளர்த்தினால், முழங்கால் வலிக்குத் தைலம் தேடியவர் எந்தத் தளத்துக்குப் போனாலும் தைல விளம்பரம் பின்னாலேயே வரும். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினாய். பிறகு ஓர் அட்டையில் எழுதி மாட்டினாய்: 'நீங்கள் இங்கே பார்ப்பது எதையும் நாங்கள் குறித்து வைப்பதில்லை.'

அந்த அட்டையைப் பொய்யாக்கியவள் நான்.

அன்றும் இதே தளம்தான் நின்றது. காரணம் தேட, லாக் எழுதும் வரிக்கு முன்னால் இருந்த # குறியை எடுத்தேன். அதை எடுத்தால், எந்த மிஷின் எத்தனை மணிக்கு எந்தத் தளத்துக்குப் போனது என்று ப்ராக்ஸி ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கும். கோளாறைக் கண்டுபிடித்தேன், அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன், வரிசை நகர்ந்தது. குறியைத் திரும்ப வைக்க மறந்துபோனேன். மூன்று வாரம்!

அந்த மூன்று வாரமும் புதன்கிழமைதோறும் ஒரு பெண் வந்தாள். தறி ஓட்டுகிறவள். அவளுடைய போனைப் புருஷன் தினமும் நோண்டுவானாம். மூன்றாவது மிஷினில் கால்மணி நேரம் உட்கார்ந்து, பெண்கள் பாதுகாப்பாகத் தங்கும் இல்லங்களைத் தேடுவாள். தட்டச்சு செய்ய உதவி கேட்டதால்தான் நமக்கே அது தெரியும்.

பிறகு அவன் வந்தான். கத்தவில்லை; கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கம்ப்யூட்டர் தெரிந்த மச்சான் ஒருவனையும் கூட்டி வந்திருந்தான்.

"ஏனுங்க, என்ற சம்சாரம் இங்க வந்து என்னத்தப் பாக்குறாள்னு காட்டுங்க. பாத்துட்டுப் போயிர்றேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அட்டையப் படிக்கத் தெரியுமில்லீங்க? இங்க ஒண்ணும் குறிச்சு வெக்கறதில்ல. சந்தேகமுன்னா உங்க மச்சானே தொறந்து பாக்கட்டும்!"

மச்சான் நேராக மூலைப் பெட்டிக்குப் போனான். "நாலு மிஷினும் இது வழியாத்தான் போகுதாட்ட இருக்குது."

அப்போதுதான் எனக்கு அந்தக் குறி ஞாபகம் வந்தது. உன்னைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே நீ கண்டுகொண்டாய்.

"இருங்க, பாஸ்வேர்டு போட்டுத் தாரேன்" என்று அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாய். திரையை மறைக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. அவனுக்குப் பழக்கமில்லாத கறுப்புத் திரையில் இரண்டே கட்டளை அடித்தாய்: ஒன்று குறியைத் திரும்ப வைத்தது, மற்றது மூன்று வாரத்தையும் அழித்தது. பிறகு லாகைத் திறந்து, "பாத்துக்கங்க" என்று நாற்காலியை அவனிடம் விட்டாய். அவன் மேலும் கீழும் தேடினான். "ஒண்ணுமில்லீங்க மாமா" என்றான். புருஷன் நாலு நாற்காலியையும் ஒரு தரம் பார்த்தான். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீ திட்டவில்லை. "பொய் சொல்லித் தப்பிக்கறது ஒரு நாளைக்கு ஆகும் புள்ள. இல்லீங்கன்னு நாம சொன்னா, அது நெசமாவே இல்லாம இருக்கோணும்" என்றாய். அன்றுதான் 'மூடாம எந்திரிக்காத' என்ற வரியை எனக்காக எழுதி வைத்தாய். அடுத்த புதன் அவள் வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. "நான் நல்லாருக்கறேனுங்க அக்கா." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். நீ அழுததை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஆறு மாதம் போய், சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாய்: "அன்னைக்கு அழிச்சேனே, அதுல நானும் இருந்தேன். மார்ல கட்டி தட்டுப்பட்டுது. கடை சாத்துன பொறவு மொத மிஷின்ல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடிட்டிருந்தேன்."

"அடிப்பாவி, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ குதிப்பே."

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்த லாக் மூன்று வாரம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தரம் படித்திருந்தால், உன்னைத் தரதரவென்று டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பேன். அப்படிப் படிக்கிறவளாக நான் இருந்திருந்தால் அந்தத் தறிக்காரப் பெண் நம் கடைப் படியே ஏறியிருக்க மாட்டாள். இது எனக்கும் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

இன்று மறுபடி அந்தக் குறியை எடுத்தேன். வரிகள் ஓடின. தடுத்த விதியைக் கண்டுபிடித்து மாற்றியதும் தளம் திறந்தது. அதற்குள், முதல் மிஷினிலிருந்து ஓர் ஆஸ்பத்திரியின் பெயர் ஓடியது, உடனே இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தேன். அங்கே ஒரு பெண், நம் வயதுதான் இருக்கும். பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் விரல் விசைப்பலகை மேலேயே நின்றது. இன்னும் நாலு வரி படித்தால் அவளுக்கு என்னவென்று தெரிந்துவிடும். உன் வரியைப் பார்த்தேன். குறியை வைத்தேன், லாகை அழித்தேன், எழுந்து அவளிடம் போனேன்.

"டீ சொல்லட்டுங்களா?"

அவள் சட்டென்று திரையைக் கையால் மறைத்தாள். "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் பாக்குறேன்."

"ஆகட்டுங்க, நிதானமாப் பாருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.