புல்லுக்குள் உன் பெயர்

என் ராசா ஆறுமுகம்,

ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில் இதை எழுதி, ரங்கூன் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுத்தனுப்புகிறேன். ஊராரும் படிக்கட்டும். என் பேரன் யார் என்று இந்த ஊருக்குத் தெரியவே இல்லையே!

உன்னைத் தூக்கிப் போன அன்று எங்களுக்காக டிராம் நின்றது. அதில் இரண்டு பேர் உன் தொப்பைத் துரை படக்கதையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரை ஏணியிலிருந்து விழ, நாய் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடும் படம். நீ இருமி இருமி வரைந்தது. வரைந்த கை பாடையில் போகிறது என்று அவர்கள் எப்படி அறிவார்கள்?

அந்தக் கதையைத் தொடங்கியவர், உன் அச்சுக்கூடத்துக்குப் படம் வரைய வந்த லண்டன் துரை. அங்கே பிள்ளைகளின் படப் பத்திரிகைகளுக்கு வருஷக்கணக்காக வரைந்தும், ஒரு படத்திலும் அவர் பெயர் வந்ததில்லையாம். கையெழுத்துப் போட்டால் வெள்ளை பூசி மறைத்துவிடுவார்களாம். பெயர் தெரிந்தால் வேறு பத்திரிகைக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவானாம்.

சைகோன் போகும் வழியில் அச்சுக்கூடத்துக்கு வந்த பிரெஞ்சு ஓவியர் அவரைக் கேலி செய்ததை நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! "நாங்கள்லாம் மூலையிலே பேர் போடுவோம். உங்க ஊர்ல படம் தானா முளைக்குதா?" என்றாராம்.

"எனக்கும் ஒருநாள் பேர் போடணும் அம்மாச்சி. மூலையிலே, சின்னதா" என்றாய்.

"போடுடா, யார் தடுப்பா?" என்றேன். தடுத்தார்களே.

துரை ஊர் திரும்பியதும் வெள்ளைக்கார முதலாளி உன்னைக் கூப்பிட்டு, அதே கையில் வரை, ஆள் மாறியது தெரியக் கூடாது என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு அச்சு அசலாக வரைந்தாய். எனக்கு அதுதான் பெருமை. வயிற்றெரிச்சலும் அதுதான். ரத்தம் துப்பியபோது ஊருக்கு வெளியே இன்சீனில் மாமன் வீட்டில் போய்ப் படு என்று கெஞ்சினேன். கேட்டாயா?

உன் சாம்பலை ஆற்றில் கரைத்த மறுநாள் அச்சுக்கூடத்துக்குப் போனேன். நீ அண்ணன் என்று கூப்பிட்ட பர்மாக்கார மேஸ்திரி கோ பா தெய்ன் நீ கடைசியாகப் படம் வரைந்த அச்சுக்கல்லைக் காட்டினார். மரத்தடியில் தொப்பைத் துரை தூங்குகிறார், நாய் காவல் இருக்கிறது.

"இன்னிக்கி அச்சு ஏத்துது, அமே" என்றார். அவர்கள் பாஷையில் அமே என்றால் அம்மா.

"அப்புறம்?"

"மணல் போட்டு தேய்ச்சிடும். அடுத்த படத்துக்கு கல்லு வேணுமில்லே."

"அவன் பேரை நான் எழுதட்டுமா?"

வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தூரிகையை மையில் தோய்த்து என் கையில் கொடுத்தார். "படத்தைக் கல்லுலே பிடிக்க வைக்கிற மருந்து இன்னும் ஊத்தலே. எழுதுங்க. நான் வெத்தலை வாங்க போறேன். ஒண்ணும் பாக்கலே."

நாயின் காலடியில், புல்லுக்கு நடுவே ஆறுமுகம் என்று எழுதினேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

முதல் தாள் வந்தது. பெயர் மட்டும் திரும்பிக் கிடந்தது! கல்லில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி வரையவேண்டும் என்று நீ சொல்லாத நாளில்லை. நான் நேராக எழுதிவிட்டேனடா.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். தாளை மூலைமூலையாகப் பார்த்தார். இங்கிலீஷில் என்னவோ சொன்னார், போய்விட்டார்.

"என்ன சொன்னான்?"

"புல்லு கொஞ்சம் அடர்த்தி, போகட்டும்னு சொன்னான்" என்று மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவன் தெனம் தமிழ் போர்டு பாக்குற ஆளு, அமே. நேரா விழுந்தா கண்டுபிடிச்சிருப்பான். சுரண்டச் சொல்லியிருப்பான்."

உன் பெயர் பிழைத்தது. நீ பிழைக்கவில்லை.

கல்லைத் தேய்த்துவிட்டார்கள். மேஸ்திரி இப்போது வேறு அச்சுக்கூடத்தில் இருக்கிறார். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். லண்டனில் துரை மறுபடியும் பெயரில்லாமல்தான் வரைகிறாராம். உன் இடத்தில் வேறொருவன். நாயின் வால் அவனுக்கு வரவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மேஸ்திரி கொடுத்த அந்த முதல் தாளை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களைத் தோளைப் பிடித்துத் திருப்பி, கண்ணாடியில் உன் பெயரை வாசிக்க வைக்கிறேன். என் கண் தெரியும் வரை கூடவே வாசிப்பேன். கண் போன பிறகும் விடமாட்டேன். அவர்கள் உரக்க வாசிக்கட்டும், நான் கேட்பேன்.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த
அம்மாச்சி