கம்பனி நோட்டீசின் கடைசிப் பக்கம்

வெள்ளி, இரவு.

கம்பனிக்காரர் அடிச்ச நோட்டீசைத் திரும்பத் திரும்ப வாசிச்சிட்டன். கோபம் ஆறவில்லை. நாளைக் காலை பனிச்சங்கேணித் துறையில, எனக்கு இறால் தாற தோணிக்காரர் எல்லாரும் இனிக் கம்பனிக்கு மட்டும்தான் தருவம் எண்டு கையெழுத்து வைக்கப்போறாங்க. அதோட எண்ட வியாபாரம் முடிஞ்சுது.

எழுதினவன் கெட்டிக்காரன். முதல் பக்கத்தில சிரிக்கிற மீனவன் படமும் 'உயர்ந்த விலை' எண்ட பெரிய எழுத்தும். நடுப்பக்கத்தில என்னைப்போல இறால் வாங்கி விக்கிற நாங்கள். ஒருவருக்கும் பேர் இல்லை, 'சிலர் சுரண்டுகிறார்கள்' எண்டதோட சரி. தரத்தைக் கம்பனியே தீர்மானிக்கும், கழிச்ச இறாலுக்குக் காசு இல்லை எண்டது கடைசிப் பக்கத்து அடியில, பொடி எழுத்தில கிடக்கு.

பின்னேரம் எழுதினவனையே சந்தியில மறிச்சுக் கேட்டன். "ஏன் மனே, இதை முன்னுக்குப் போட்டா என்ன?"

அவன் சிரிச்சான். "நீங்க மட்டும் என்னவாம் அக்கா? பெரிய இறாலை மேலதானே அடுக்குறீங்க?"

"ஓம், அடுக்குறன். எண்ட பெட்டியில வாங்கிறவன் கைய விட்டுக் கிளறலாம். நீ கிளற விடுவியா?"

"வாசிக்கத் தெரிஞ்சவன் கிளறட்டும்" எண்டான், நாய்.

நோட்டீஸ் எழுதுற வேலை எனக்கு வந்திருந்தா நானும் அப்படித்தான் எழுதியிருப்பன். அதுதான் இன்னும் எரியுது.

நாளைக்குத் துறையில அவன் வாயைத் திறக்க முதல், வாசிக்கத் தெரியாத தோணிக்காரருக்கும் கேக்க, கடைசிப் பக்கத்தை நான் சத்தமா வாசிக்கப்போறன். பிறகு அவன் படத்தைக் காட்டட்டும்.