உன் பெயர்க்காரன் எழுதுகிறேன்

நண்பா,

இன்று காலை சவரம் செய்துகொள்ளப் போனேன். புதுக்கடை. குளிரூட்டி, ஆள் உயரக் கண்ணாடி எல்லாம் இருக்கிறது. முடித்ததும் கடைக்காரர் தாடையில் படிகாரக் கட்டியைத் தேய்த்தார். அந்த எரிச்சலோடு, உன் கடையில் எனக்கு முடிவெட்டிச் சவரம் செய்துவிட்ட நீ வந்துவிட்டாய். "எரியட்டும்லா, அப்பத்தான் சவரம் பண்ணுன ஞாபகம் இருக்கும்" என்பாய். நீ போய்ச்சேர்ந்து மூன்று வருடமாகியும் என் தாடை உன்னை மறக்கவில்லை.

நம் இருவருக்கும் ஒரே பெயர். முருகன் பெயர்தான். தண்ணீர்மலைக் கோயில் முருகன் புண்ணியத்தில் பினாங்கில் தெருவுக்கு நாலு பேருக்கு அதே பெயர். குடும்பப்பெயர் வைக்கும் வழக்கமும் நமக்குக் கிடையாது. அப்பா பெயரைப் பார்த்துத்தான் ஆளைப் பிரிக்கவேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, காப்பிக்கடைக்குள் நுழைந்த போலீஸ்காரர்கள் அதைப் பார்க்கவில்லை. திருட்டு வழக்கில் தேடிய ஆளின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். நீ எழுந்தாய். "நான்தான் சார். முடி வெட்டணுமா?"

அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டாய். அதற்குள் தடி விழுந்தது. உன் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதே பெயரை வைத்துக்கொண்டு அடுத்த மேசையில் நாளிதழுக்குள் முகத்தைப் புதைத்திருந்தேன் நான். பயந்தாங்கொள்ளி. இருந்த இடத்தைவிட்டு எழவில்லை.

தவறு தெரிந்து இரண்டாம் நாள் உன்னை விட்டுவிட்டார்கள். ஆனால் போலீஸ் பிடித்துப்போனவன் கத்திக்குக் கழுத்தை நீட்ட யார் வருவார்? கை ஆறிய பிறகும் கடையில் ஈ ஓட்டினாய். "நான் ஒரு தப்பும் பண்ணலன்னு கோர்ட்டு எழுதிக் குடுக்கணும்லா. கண்ணாடி பக்கத்துல மாட்டிடுறேன்" என்று வழக்குப் போட்டாய். அதுவும் போலீஸ்மேல்! உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றது தெரு.

என் மனசு என்னைச் சும்மா விடவில்லை. 'பெயர் பொருந்தியது, ஆகவே கைது சரி' என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும் என உன் வக்கீலம்மா சொன்னதும் நான் கிளம்பினேன். பட்டர்வொர்த்தில் ஒருவர், சுங்கை பாக்காப் தோட்டத்தில் ஒருவர், நம் தெருப் பூக்கடைக்காரர் என்று பெயர்க்காரர்களைத் திரட்டிக் கோர்ட்டுப் பின்பெஞ்சில் உட்காரவைத்தேன்.

காப்பிக்கடையில் கூப்பிட்டது போலவே கூப்பிடச் சொல்லுங்கள் என்று வக்கீலம்மா கேட்டார். நீதிபதி தலையசைக்க, அன்று உன்னைப் பிடித்த போலீஸ் சார்ஜன் கூப்பிட்டார். உன்னையும் சேர்த்து ஐந்து பேர் எழுந்து நின்றோம். அவசரத்தில் பூக்கடைக்காரரின் வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவர்களில் யாரைப் பிடிப்பீர்கள்?" என்று கேட்டார். சார்ஜன் மின்விசிறியைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கே சிரிப்பு அடங்கவில்லை.

கைதும் தவறு, அடித்ததும் அத்துமீறல் என்று தீர்ப்பு வந்தது. நீ அதை மரச்சட்டம் போட்டு மாட்டினாய். கழுத்துகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மணிக்கட்டுதான் பழையபடி வரவில்லை. அதற்குப் பிறகு என் கிருதா இரண்டும் ஒரே உயரத்தில் இருந்ததே இல்லை. கேட்டால், "கேஸ்ல ஜெயிச்ச கைலா, குறை சொல்லாத" என்பாய்.

தீர்ப்பு வந்த அன்று மாலை, நாம் இருவர் மட்டும் இருந்தபோது சொன்னேன். "அன்னிக்கு நானும் அங்கதான்டா இருந்தேன். எந்திரிக்கல."

"தெரியும்லா. நீ படிச்ச பேப்பரு ஆடுச்சு. பாத்துட்டுத்தான் போனேன்."

"அப்ப ஏன்டா என்னைக் காட்டல?"

"ரெண்டு பேருக்கும் கை உடையணுமா? ஒன்னு போதும்லா."

அன்று நீ சிரித்தாய், நான் அழுதேன். இப்போதெல்லாம் எங்கே அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் முதலில் எழுந்துவிடுகிறேன். பாதி நேரம் அழைப்பு வேறு ஆளுக்கு. போன வாரம் கிளினிக்கில் யாருக்கோ வைத்திருந்த ஊசி என் கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. என் மனைவி திட்டுகிறாள். திட்டட்டும். உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை, நண்பா.