இரவல் கேமரா, பதினேழு வாசல்

ஜூலை 3, புதன் (1968)

காலை ஏழு மணிக்கே வெயில். மெட்ராஸ் போய் வந்தேன். பஸ்ஸில் நின்றபடியே.

கேமரா ஷட்டர் இறுகிவிட்டது. மவுண்ட் ரோடு சந்தில் பழுது பார்க்கும் பாய் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஸ்பிரிங் போச்சு சார். பம்பாய்லேர்ந்து வரணும். மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம் என்றால் 24. எனக்குக் கெடு 18.

விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இப்போதெல்லாம் ஞாபகத்தை நம்புவதில்லை. காட்டுப்பாக்கம் ஏரிப் பக்கம் பதினேழு குடிசை. அங்கே வயல் இருந்தபோது நடவு நட்டவர்கள். வயல் விலை போயிற்று. இப்போது பட்டறைகளில் வேலை. நிலத்தை வாங்கிய கம்பெனி, "இங்கு யாரும் குடியில்லை, போன மாதம் போட்ட கொட்டகைகள்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. நில ஆபீஸ் கேட்பது: வீட்டுக்கு ஒரு போட்டோ, குடியிருப்பவர் வாசலில் நிற்க. 18க்குள் தராவிட்டால் கம்பெனி இடித்துக்கொள்ளலாம்.

எடுத்துத் தருகிறேன் என்று அஞ்சலையிடம் சொன்னவன் நான். போரூர் பட்டறை ஒன்றில் பெருக்குகிறாள். நான் ஏரியைப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். அந்த நிமிஷம் பெரிய மனிதன் போல இருந்தது. இப்போது கையில் கேமராவே இல்லை.

மாற்றுக் கேமரா வேண்டும். வழிகள்:
1. மாப்பிள்ளையுடையது.
2. பூந்தமல்லி ஸ்டூடியோ. (இரவல் தரமாட்டார். நேரில் வந்து எடுக்கவும் கம்பெனிக்குப் பயப்படுகிறார்.)
3. பாய் அலமாரி.

ஜூலை 4, வியாழன்

மேகம் மட்டும். இடது காது அடைப்பு. மூக்குக்கண்ணாடிக் காம்பு தளர்ந்திருக்கிறது, நூல் சுற்றினேன்.

காலை கேட்டருகே அஞ்சலை.

"இன்னா நைனா, போட்டாப் பொட்டி ரிப்பேராமே?"

"சரியாகிவிடும்."

"எப்போ? எங்க ஊட்ட இட்ச்சப்புறமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவருடையது சிங்கப்பூர் கேமரா, ஒரு ரோலில் முப்பத்தாறு படம். பதினேழு வீட்டுக்கு இரண்டு தடவை எடுத்தாலும் மிச்சம்.

"தாராளமா எடுத்துக்கோங்க மாமா. கோபுரத்த எடுங்க, ஏரிய எடுங்க. அந்தக் குடிசைப் பக்கம் மட்டும் வேணாம். அந்தக் கம்பெனிக்காரங்க எங்க மேனேஜருக்கு ரொம்ப வேண்டியவங்க."

மகள் வத்சலா சமையல் உள்ளிலிருந்து, "அப்பாவுக்கு எதுக்கு இந்த வயசுல" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

"சரி" என்றேன். ஏன் சொன்னேன்? முப்பத்திரண்டு வருஷம் வரைபட மேஜையில் குனிந்து "சரி" சொன்ன பழக்கம். அவர் வீட்டில் இருக்கிறேன், அதுவும்தான்.

கேமராவை வாங்கவில்லை. அந்த நிபந்தனையோடு வேண்டாம்.

ஜூலை 6, சனி

பாய் கடை. யாரும் திரும்ப வாங்காத கேமராக்களும் சொந்தக்காரர் வரக் காத்திருப்பவையும் ஓர் அலமாரியில். மூன்றை எடுத்து வைத்தார். மூன்றையும் சோதித்தேன்.

துருத்திக் கேமரா: மடித்தால் சட்டைப் பைக்குள் போகும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, துருத்திக்கு உள்ளே டார்ச் அடித்தேன். மூன்று இடத்தில் ஊசி முனை வெளிச்சம். தள்ளுபடி.

பெட்டிக் கேமரா: பிஸ்கட் டின் மாதிரி. ஒரே வேகம். தூரம் சரிபார்க்கும் வேலையே கிடையாது. ரோலுக்கு எட்டுப் படம், நீள்சதுரம்.

இரட்டை லென்ஸ் (மேலே ஒன்று பார்க்க, கீழே ஒன்று படம் பிடிக்க): ரோலுக்குப் பன்னிரண்டு, சதுரம். கண்ணாடியில் தெருவே தெளிவாக வந்து உட்கார்ந்தது. கனம் கையில் சுகமாக இருந்தது.

பாய்: "பொட்டிய எடுத்துட்டுப் போங்க சார். கெட்டுப் போறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

"நன்றாக வர வேண்டும் பாய். ஆபீஸில் காட்ட வேண்டிய படம்."

"பொண்ணு பாக்கறவங்ககூட அரை மணியில எழுந்துடறாங்க. நீங்க ஒண்ணரை மணி நேரமா பாக்கறீங்க."

இரட்டை லென்ஸ்தான். அதன் சொந்தக்காரர் மதுரையில், மாதக் கடைசியில் வருவாராம். வந்தால் உடனே திருப்ப வேண்டும். ரோல் இரண்டு கிடைத்தது. பெட்டியை வேண்டாம் என்றது அதன் குறைக்காகவா, அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க வெட்கப்பட்டா? பின்னதும் உண்டு.

ஜூலை 7, ஞாயிறு

நல்ல வெயில், எட்டரை முதல் பதினொன்று வரை. பதினேழும் முடிந்தது.

என் முறை: சிலேட்டில் வீட்டு எண். வாசலில் ஒரு நாற்காலி, வீட்டுப் பெரியவர் அதில், மற்றவர் சுற்றி. லென்ஸில் தூரம் பத்தடி என்று வைத்து, நாற்காலிக் காலிலிருந்து பத்தடிக் கயிறு, கயிற்றின் நுனியில் நான். முனுசாமி (அஞ்சலையின் கொழுந்தன், லேத் பட்டறை) தன் நாற்காலியை வாசல் வாசலாகத் தூக்கி வந்தான். அளவு ஓர் அங்குலம் தவறவில்லை.

எல்லாரும் குளித்துச் சீவி முடித்திருந்தார்கள். கலியாணப் புடவைகள். ஒரு டிரான்சிஸ்டர் மடியிலிருந்து மடிக்குப் போயிற்று.

"டேய், வாட்ச்ச குட்றா! எங்க ஊட்டு முறை வந்துட்ச்சி!"

"இரு மச்சான், நைனா இன்னும் அமுக்கல."

"கட்டிகினு வுட மாட்டான் போலக்கீதே!"

அஞ்சலை நிற்கும்போது மட்டும் சிரிக்கவில்லை. நீதிபதி மாதிரி நின்றாள்.

மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. பூந்தமல்லிக்குச் செருப்புத் தைக்கப் போனதாக வத்சலாவிடம் பொய். செருப்பு உண்மையிலேயே பிய்ந்துதான் இருக்கிறது.

ஜூலை 10, புதன்

பிரிண்ட் வந்தது. பதினேழும் கத்தி மாதிரி. கூரை ஓலை எண்ணலாம். ஸ்டூடியோக்காரர், "நீங்களே எடுத்ததா?" என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான்கு முறை பார்த்தேன்.

ஜூலை 11, வியாழன்

நில ஆபீஸ். பத்து மணிக்குப் போய் ஒன்றே காலுக்கு உள்ளே. அஞ்சலை அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

ஆபீசர் படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பரப்பினார்.

"என்ன சார் இது, நாடகக் கம்பெனியா?"

புரியவில்லை.

"ஒரே நாற்காலி. ஒரே வாட்ச். ஒரே ரேடியோ. இந்தக் கரைப் புடவை பாருங்க, நாலு வீட்டுல. ஒரு பெரிய குடும்பம் பதினேழு வாசல்ல நின்னு எடுத்துக்கிட்டதுன்னு கம்பெனி வக்கீல் சொல்வார். நான் என்ன பதில் சொல்ல? அதுவுமில்லாம பட்டும் ரேடியோவும் வெச்சிருக்கிறவங்களுக்கு இடம் இல்லைன்னா யார் நம்புவா?"

முகங்கள் வேறு வேறு என்று சொல்லியிருக்க வேண்டும். "சரி சார்" என்று படங்களைப் பொறுக்கினேன்.

தவறு குடிசைக்காரர்களுடையது அல்ல. போட்டோ என்றால் இருப்பதில் நல்லதை உடுத்துவார்கள், இல்லாதவர் இரவல் வாங்குவார். நானும் என் கலியாணப் படத்தில் அண்ணன் கோட்டுதான். நாற்காலி என் யோசனை. பத்தடிக் கயிற்றைப் பார்த்தேன், எதிரே இருந்ததைப் பார்க்கவில்லை. கேமரா நன்றாக இருந்ததால் அவ்வளவும் தெளிவாக விழுந்திருக்கிறது. மங்கலாக எடுத்திருந்தால் பிழைத்திருக்கும்.

இரவு உணவு வேண்டாம் என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

குடிசைக்கே போனேன். மறுபடி எடுக்கலாம், நாற்காலி வேண்டாம், வாட்ச் வேண்டாம், வேலைக்குப் போகும் துணியில் நின்றால் போதும் என்றேன். நியாயமான யோசனை என்றே நினைத்தேன்.

அஞ்சலை முறத்தைக் கீழே வைத்தாள்.

"அதாவுது, கந்தல கட்டிகினு நின்னா நாங்க இங்க குடிகீறோம். நல்லத கட்டிகினு நின்னா குடியில்ல. அப்டித்தானே?"

"ஆபீஸில் அப்படித்தான்..."

"ஆபீசு கெடக்குது. நீ சொல்லு நைனா. ஒன் ஊட்ல போட்டா புட்ச்சா, அழுக்கு பனியனோட நிப்பியா?"

முனுசாமி: "அந்த நாற்காலி என் மாமனாரு குட்த்தது. அத ஏன் ஒளிக்கணும்? திருடினு வந்தோமா?"

பின்னால் யாரோ: "கீறது ஒரே நாற்காலிதான்யா. அத்த பதினேழா அறுத்தா குடுப்பாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். திரும்பி நடக்கும்போது, ஐயப்பன்தாங்கல் பஸ் ஒன்று புழுதி கிளப்பிப் போன இடத்தில், சட்டென்று நின்றுவிட்டேன். ஒரே நாற்காலிதான். அதையே காட்டினால் என்ன?

பதினேழு படம் வேண்டாம். ஒரு படம். பதினேழு குடும்பமும் ஒரே நேரத்தில், ஒரே சட்டத்துக்குள், பின்னால் வீடுகள் வரிசையாக. நடுவில் அந்த நாற்காலி. ஒருவன் கையில் வாட்ச். எதை உடுத்தினாலும் சரி. ஒரு குடும்பம் ஒரே நேரத்தில் பதினேழு குடும்பமாக நிற்க முடியாது.

ஜூலை 13, சனி

பாய் கடை. நான் வாய் திறக்குமுன்: "மதுரைக்காரர் நேத்தே வந்துட்டார் சார். குடுத்துடுங்க."

கொடுத்தேன். வருத்தம் இல்லை. சதுரப் படத்தில் அந்த வரிசை அடங்காது. கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பெட்டியின் நீள்சதுரத்தில் அடங்கும். நானே கேட்டேன்.

"அன்னிக்கே சொன்னேன்ல" என்றார் பாய். ரோல் ஒன்றுதான் இருந்தது. எட்டுப் படம்.

பெட்டியைக் காகிதத்தில் சுற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று அப்படியே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஒன்பது மணி. வெயில் என் முதுகுக்குப் பின்னால். பெட்டிக்கு அதுதான் வேண்டும்.

வீட்டுக்கொரு சிலேட்டுத் துண்டோ அட்டையோ, எண் எழுதி. வரிசை அகலமாகப் போனது. பின்னால் நகர்ந்து நகர்ந்து கம்பெனிக்காரர்கள் இறக்கி வைத்திருக்கும் செங்கல் அடுக்கில் முதுகு முட்டிற்று. சுவர் கட்டக் கொண்டு வந்த கல். அதன் மேல் ஏறினால்தான் எல்லாரும் அடங்குவார்கள்.

ஏறினேன். முனுசாமி கீழிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டான்.

கம்பெனிக் காவல்காரன் ஓடி வந்தான். "யோவ் பெருசு! எறங்கு கீழ! யாரக் கேட்டு ஏறின?"

வாய் வழக்கப்படி "சரி" என்று தொடங்கிற்று. "ச" வரை வந்தது.

"படம் எடுத்துவிட்டு இறங்குகிறேன்" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

"முதலாளி கைல சொல்லுவேன்!"

அஞ்சலை வரிசையிலிருந்து: "சொல்லிக்கோ போ! அவரையும் இட்டுனு வா, ஓரமா நிக்கட்டும்!"

சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். பெட்டியை வயிற்றோடு அழுத்தி, மூச்சைப் பிடித்து, விசையைத் தள்ளினேன். பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் 2 வரும் வரை திருகி மறுபடி. 3 வரும் வரை திருகி மறுபடி. காவல்காரன் கல்லை உதைத்துக்கொண்டே இருந்தான். மூன்றாவது முடிந்த பிறகுதான் இறங்கினேன்.

காலில் சிராய்ப்பு, தேங்காய் எண்ணெய்.

ஜூலை 17, புதன்

தூறல். நான் எடுத்த மூன்றை மட்டும் ஸ்டூடியோக்காரர் இருட்டறையில் வெட்டிக் கழுவினார், மிச்ச ரோல் பெட்டிக்குள்ளேயே. இரண்டாவது படம்தான் சரி. பெரிதாக்கி வாங்கினேன். ஓரங்கள் மங்கல், நடு நன்றாக இருக்கிறது.

ஆபீசர் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். வாயை அசைத்து அசைத்து எண்ணினார். அறுபத்தெட்டுத் தலை, பதினேழு எண். மறுபடி எண்ணினார்.

"இது யார் எடுத்தது?"

"நான்."

"கம்பெனி ஆட்சேபிப்பாங்க. எடுத்தவர் சாட்சிக்கு வரணும். பின்னாடி பேரு, விலாசம், கையெழுத்து போடுங்க. யோசிச்சுப் போடுங்க சார்."

விலாசம் மாப்பிள்ளையுடைய வீடு. வேறு விலாசம் எனக்கு இல்லை.

அஞ்சலையும் கூட வந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடு என்று கேட்டிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

முழுப் பெயர், அப்பா பெயர், கதவு எண், தெரு, காட்டுப்பாக்கம். வரைபடத்துக்கு எழுதும் எழுத்தில், தனித்தனியாக.

ஆபீசர் எழுதியது: 29 காலை நேரில் பார்வை. அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது.

ஜூலை 18, வியாழன்

வெயில் திரும்பிவிட்டது. மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வந்து காபி குடிக்கும் வரை பொறுத்தேன். பிறகு நானே எல்லாவற்றையும் சொன்னேன். செருப்புப் பொய்யையும்.

டம்ளரை வைக்க இடம் தேடினார். "என் வீட்டு விலாசத்தையா மாமா குடுத்தீங்க?"

"ஆமாம்."

"நாளைக்கே போய் அந்தப் பேர எடுத்துடச் சொல்லுங்க."

"மாட்டேன்."

வத்சலா சமையல் உள்ளிலிருந்து வெளியே வந்து நின்றாள். இந்த வீட்டில் அந்தச் சொல்லை நான் சொல்லி அவள் கேட்டதில்லை. நானும்தான்.

மாப்பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து வத்சலா, "29 என்ன கிழமை அப்பா?" என்றாள்.

திங்கள் என்றேன்.

காலை எட்டுக்கே அங்கே இருக்க வேண்டும். ரோலில் இன்னும் ஐந்து படம்.