அத்தை பாட்டுக்குள் விட்ட இடம்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், நீதான் ஃபோனை எடுப்பதில்லையே. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குக் கோபம்தான் குறையவில்லை. உன் அத்தைக்கு, அவள் பாட்டு டீச்சராக இருந்த உன் பழைய பள்ளிக்கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். குரல் உடைந்த பையன்களுக்குத் தாழ்ந்த சுருதியில் ஒன்று, வாண்டுகளுக்கு வேறொன்று என்று ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக மெட்டுப் போட்டவளைப் பற்றி மேடையில் பேசிய அத்தனை பேரும் அவளுடைய சிரித்த முகத்தைத்தான் புகழ்ந்தார்கள். என் அக்கா சிரித்து நானே அதிகம் பார்த்ததில்லை. சுருதி விலகினால் முறைப்பாள், அதையாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு அவளுடைய காலைப் பாட்டைப் பாடினார்கள். மூன்றாம் அடி முடிந்ததும் அவள் கை இறங்கும்வரை எல்லோரும் பேசாமல் நிற்பீர்களே, அந்த இடத்தை இப்போதைய பாட்டு வாத்தியார் கீபோர்டில் தட்டி நிரப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "பாட்டு நடுவுல செத்துப்போன மாதிரி இருந்துச்சு சார், அதான் உசுர் குடுத்தேன்" என்கிறார், நினைவுக் கூட்டத்தில் நின்றுகொண்டு. தலைமையாசிரியர் அதற்கும் தலையாட்டினார். அக்கா ஓய்வு பெற்ற அன்று எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், நான் மறக்கவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சிறுவயதில் மூச்சிரைப்பால் மூன்றடிக்கு மேல் உன்னால் தொடர முடியாது, நீ பின்தங்குவாய், மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். உன்னைத் தனியாக உட்கார வைக்க அவளுக்கு மனம் வரவில்லை, மெட்டையே மாற்றிவிட்டாள். உனக்கு மூச்சு திரும்பும்வரை பள்ளிக்கூடமே காத்திருந்தது, எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. உன்னிடமே சொன்னால் என்ன என்று நான் கேட்டதற்கு, "தெரிஞ்சா அவ பாட மாட்டாடா" என்றாள்.

அடுத்த வாரம் அந்தக் கீபோர்டுப் பாட்டை ஒலிப்பதிவு செய்து இனி தினமும் ஒலிபெருக்கியில் போடுவார்களாம், பிள்ளைகள் பாடக்கூட வேண்டாமாம். நான் சண்டை போட்ட பிறகு, டீச்சரிடம் நேரே கற்றவர்கள் யாராவது பாடி அனுப்பினால் பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் இழுத்தார். எனக்குக் குரலும் இல்லை, தாளமும் நிற்காது. நீதான் பாட வேண்டும்.

நோய்நொடி இல்லாமல் இருவரும் நன்றாக இருங்கள். வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லாமல் இந்த வாரமே பாடி அனுப்பு. மூன்றாம் அடிக்குப் பிறகு உனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள். மூச்சு வாங்குவது கேட்டால் கேட்கட்டும், அழித்துவிட்டு மறுபடி பாடாதே.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அப்பா