லேப்டாப்புக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

ரலிட்சா,

சோஃபியா நகரத்துக்குப் போற பஸ்ஸைப் பிடிக்க ஓடறேன். ஈரத்தை இழுக்கட்டும்னு லேப்டாப்பை அரிசி டப்பாவுல புதைச்சு வச்சிருக்கேன், எடுத்துடாதே. நல்ல காரியத்துக்குக் கிளம்பறவங்க பின்னாடி, காரியம் தண்ணியா தடையில்லாம ஓடணும்னு தண்ணி ஊத்தறது நம்ம பல்கேரியா வழக்கம். உன் விண்ணப்பம் வாசல் வழியாவா போச்சு? லேப்டாப் வழியாத்தானே! அதான் அதுமேல ஊத்தினேன். "என்னைப் போகவிடாம பண்றியா"ன்னு கத்தினியே, தடுக்கணும்னா தண்ணியே ஊத்தாம சும்மால்ல இருந்திருப்பேன்?

அடைச்ச குடைமிளகாய் அடுப்புல இருக்கு, சாப்பிடு.

அம்மா

மறந்துட்டேன். ஹாஸ்டல் உண்டா, உதவித்தொகை எப்போன்னு நீ கேட்டுக் கேட்டும் வாயே திறக்காத அந்த ஹாலந்து பல்கலைக்கழகத்துக்கு, அப்பா போன்லேர்ந்து நானும் எழுதினேன்: "பரீட்சை அன்னிக்கு என் பொண்ணு பின்னாடி தண்ணி ஊத்த அங்கே ஆள் உண்டா?"

உடனே பதில்: "எத்தனை லிட்டர்?"

ஒரு செம்பு போதும், ஆனா அழாம ஊத்தணும்னு சொல்லிட்டேன். அது என்னால ஆகாது.