அண்ணன் போட்ட ஜாமீன்

ஜூன் 12, புதன்

காலையிலிருந்து புழுக்கம். வானம் இருட்டிக்கொண்டு வந்து, பெய்யாமலே கலைந்துவிட்டது. கடைக்கு வந்த மிளகாயைப் புடைத்ததில் இரண்டு கையும் எரிச்சல்.

காலேஜில் பௌதிகம் சீட் போன வாரமே கிடைத்தாயிற்று. இன்று டெலிபோன் ஆபீஸ் ஆர்டரும் வந்துவிட்டது. டிரங்க் ஆபரேட்டர். ஜூலை முதல் தேதி சேரணும். சம்பளம் இருநூற்றுச் சொச்சம்.

பி.எஸ்ஸி. என்றால் சர்க்கார் படிப்புக் கடன். மூன்று வருஷத்தில் இரண்டாயிரத்துக்கு மேல். முடித்ததும் வேலை நிச்சயமா? இல்லை. டீச்சர் என்றால் பி.எட். இன்னொரு வருஷம். போன் வேலையோ அடுத்த மாதமே சம்பளம். கணக்கை எப்படிப் போட்டாலும் போன்தான் ஜெயிக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், வேறு விடை வராதா என்று.

அம்மா: "படிச்சிட்டு இன்னா, நீயும் மொளகாதான் பொடைக்கப் போற."

கடனுக்குச் சொத்துள்ள யாராவது ஜாமீன் போடணும். அப்பா கடைக்காக வீட்டை ஏற்கெனவே அடமானம் வைத்தவர். அவர் ஜாமீன் செல்லாது.

அண்ணன் பாக்கு நறுக்கிக்கொண்டே, "நான் போடறேன். எம்பேர்ல அரைக்காணி நெலம் இருக்குது இல்ல" என்றான். எட்டாவதோடு கடையில் வந்து உட்கார்ந்தவன்.

வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

பாகூரிலிருந்து முதல் பஸ். டவுனில் படிப்புக் கடன் ஆபீஸ். கிளார்க் அண்ணனிடம், "தங்கச்சி கட்டலன்னா உன் நெலத்து மேல வரும். தெரிஞ்சிதான் போடறியா?"

"தெரியும் சார்."

நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

வாங்க வேண்டியது: ரெகார்டு நோட்டு, லாக் டேபிள் புத்தகம், குடை, செருப்பு (பழசைத் தைத்தால் போதும்).

ஜூன் 19, புதன்

அனல் காற்று. வெல்லம் உருகுகிறது.

அரியாங்குப்பத்துத் துணிக்கடைக்காரர் வந்தார். அவர் மகள் வசந்தாவைத்தான் அண்ணனுக்குப் பேசியிருக்கிறது. ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. நான் பின்கட்டில் பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"நெலத்து மேல ஜாமீன் நிக்குதாமே?"

"ஆமாங்க. தங்கச்சி படிப்புக்கு."

"அது நாளைக்குக் கல்யாணம் கட்டிக்கினு போயிட்டா?"

"சம்பாரிச்சிக் கட்டும்."

"கட்டலன்னா?"

"நான் கட்டுவேன்."

அவர் எழுந்துவிட்டார். அம்மா கொண்டுபோன காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

ஜூன் 21, வெள்ளி

சம்பந்தம் சரிப்பட்டு வராது என்று அரியாங்குப்பத்திலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் போடுகிறாள். அண்ணன் எப்போதும்போல் மூட்டை பிரிக்கிறான், சில்லறை கொடுக்கிறான். சரக்கெடுக்கப் போகும்போது அரியாங்குப்பத்தில் வசந்தா வீட்டுத் தெரு வழியாகத்தான் போவான், சுற்று வழி என்றாலும். எனக்குத் தெரியும். இன்று நேர்வழியில் போய் சீக்கிரம் திரும்பிவிட்டான்.

ஜூன் 22, சனி

தலைவலி. காலையில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். போன் வேலையிலேயே சேர்ந்துவிடுகிறேன், ஜாமீன் எழுதினதை ரத்து பண்ணிடலாம், அவர்களிடம் போய்ச் சொல் என்று.

"இன்னான்னு சொல்றது? தங்கச்சி படிப்ப நிறுத்திட்டேன், பொண்ணு குடுங்கன்னா?"

"உனக்கு அந்தப் பொண்ணப் புடிக்கும் இல்ல?"

எண்ணெய் டின்னைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "புடிச்சிது" என்றான். டின்னை ஓரமாக வைத்துவிட்டு, "இப்ப நீயும் போயி அந்த போனக் காதுல மாட்டிக்கினு குந்திக்கினா ரெண்டும் போச்சி. போ, வேலையப் பாரு."

அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. அதுதான் அசிங்கம். மறுப்பான் என்று தெரிந்தேதான் கேட்டேனோ? சரி என்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? யோசிக்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 1, திங்கள்

கடைசியில் மழை. பஸ்ஸில் பாதி உடம்பு நனைந்துவிட்டது. காலேஜ் முதல் நாள்.

மதியம் லேபைச் சுற்றிக் காட்டினார்கள். இருட்டறை ஒன்று. சோடியம் விளக்கு, ஒரே மஞ்சள், எல்லார் முகமும் செத்த முகம்போல. மூன்றாம் வருஷத்து அக்கா ஒருத்தி கூப்பிட்டு ஒளியைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னாள். "ஒரு கோடுதானே தெரியுது? குழாய இன்னும் கொஞ்சம் தள்ளு." தள்ளினேன். அந்த மஞ்சள் இரண்டு கோடாகப் பிரிந்து நின்றது, ஒன்றை ஒன்று தொடாமல். நடுவில் மயிரிழை இருட்டு. கண்ணை எடுக்க மனசில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதுவே. பாகூர் ஏரிக்கரை வந்தபிறகுதான் உறைத்தது. மதியம் முழுக்க அண்ணன் நினைவே வரவில்லை.

கடையில் கூட்டமில்லை. அண்ணன் எனக்காகக் கல்லாவை விட்டு எழுந்து வந்தான்.

"இன்னா, எப்படி இருந்துச்சி?"

சந்தோஷத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது. "சுமார்தான்" என்றேன்.

அவன் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"சுமார்தானா?" என்றான்.